அதிராத பெட்டி

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற சாலையில் ஜெசிந்தாவின் பட்டறை இருக்கிறது. கச்சேரிக்கும் கோயில் கொடை விழாவுக்கும் பேஸ் பெட்டி, அதாவது கனத்த தாளச் சத்தத்துக்கான ஸ்பீக்கர் பெட்டி, செய்கிற பட்டறை. ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளிடம் பெட்டி செய்யக் கற்க வந்தவர் சந்தனராஜ். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு வேன் ஓட்டுகிறவர். தலை நரைத்த மனிதர் "மேஸ்திரி, மேஸ்திரி" என்று அவள் பின்னாலேயே நடப்பதைப் பார்த்து எதிர் டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

முதல் நாள் ஜெசிந்தா கேட்டாள்.

"பெட்டி வேணும்னா வாடகைக்கு எடுங்க அண்ணாச்சி. கத்துக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

"வாடகைக்குத் தாரவன் பெட்டிய சனங்களப் பாத்து வைக்கான். எனக்கு மேடைக்கு வேணும்."

"மேடையில யாரு?"

"எம்மக."

பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். அவருடைய மகள் பெனிட்டாவும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். ஆண்டுவிழாவில் பிள்ளைகள் நடனம் ஆடுவார்கள். அவர்களுக்குப் பாட்டு கேட்காது. மேடைக்குக் கீழே லூர்து டீச்சர் நின்று கையால் தாளம் காட்டுவார். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் கால் போகும். போன வருடம் பாதி நடனத்தில் சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு குறுக்கே வந்து, போட்டோவுக்குச் சிரித்தபடி டீச்சரை மறைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். எட்டுப் பிள்ளைகளும் கைகால் தூக்கியபடியே நின்றுவிட்டார்கள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் பாவப்பட்டுக் கை தட்டியது.

"வேனுல ஏறுனதும் எம்மக கையால கேட்டா மேஸ்திரி. 'நாங்க நின்னுட்டோமே, எதுக்குக் கை தட்டுனாங்க?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். ஓட்ட முடியல."

ஜெசிந்தா ஒரு பிளைவுட் பலகையை இழுத்து அவர் முன்னால் போட்டாள்.

"செஞ்சு தர மாட்டேன். செய்யச் சொல்லித்தாரேன்."

"ஏன் மேஸ்திரி?"

"அன்னைக்கு ஏதாவது கோளாறுன்னா திறந்து பாக்கத் தெரிஞ்ச ஆளு மேடைகிட்ட நிக்கணும். நான் எந்தக் கச்சேரியில கிடப்பேனோ."

பள்ளி வண்டியைக் கொண்டுபோய் விட்டதும் சந்தனராஜ் பட்டறைக்கு வந்துவிடுவார். பிளைவுட்டை அளந்தார், அறுத்தார். முதலில் கோணலாக அறுத்தார், பிறகு நேராக அறுத்தார். பசை தடவி, ஸ்க்ரூ முடுக்கி, ஒரு வழியாகப் பெட்டி என்று சொல்லும்படி ஒன்று எழுந்து நின்றது. உயரம் அவர் இடுப்பு வரைக்கும் வந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"முடிஞ்சுதா மேஸ்திரி?"

ஜெசிந்தா விரல் முட்டியால் பெட்டியின் பக்கச்சுவரைத் தட்டினாள். டொம் என்றது.

"பதில் சொல்லுது."

"தட்டுனா சத்தம் வரத்தானே செய்யும்?"

"சொவரு சத்தம் போட்டா, ஸ்பீக்கரு சொல்லுறத அது கெடுக்கும். பெட்டி அதிரக் கூடாது அண்ணாச்சி. காத்து மட்டுந்தான் அதிரணும். உள்ள குறுக்குக் கட்டை குடுங்க."

பசை காய்ந்துபோயிருந்தது. பிரிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். சந்தனராஜ் சுத்தியலை எடுத்து உடைத்தார். மறுநாள் புதுப் பலகை அளந்தார்.

இரண்டாவது பெட்டிக்கு உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டை கொடுத்தார். தட்டினால் சுவர் கம்மென்று இருந்தது. ஜெசிந்தா ஸ்பீக்கரை மாட்டி, பாட்டைப் போட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மூலை மூலையாகக் காட்டினாள். பின்பக்க மூலையில் புகை வெடுக் வெடுக்கென்று இழுபட்டது.

"இங்க காத்து கசியுது."

"மயிரிழைதானே மேஸ்திரி? மேல பசைய அப்பிரட்டா?"

ஜெசிந்தா ஊதுபத்தியை அணைத்து ஜன்னலில் வைத்தாள். சந்தனராஜ் அவள் முகத்தைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், சுத்தியலை எடுத்தார்.

எதிர் டீக்கடைக்காரர் கேட்டார். "அண்ணாச்சி, செய்யுததுக்குப் போறீரா, உடைக்கதுக்குப் போறீரா?"

"இப்போதைக்கு உடைக்கதுக்கு" என்றார் சந்தனராஜ். உள்ளங்கைக் கொப்புளத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு திரும்பவும் போனார்.

மூன்றாவது பெட்டியில் புகை நேராக எழுந்தது. ஜெசிந்தா ஆம்பிளிஃபையரைத் திருகி ஏற்றினாள். பட்டறையின் தகரக் கூரை தடதடத்தது. ஆணி டப்பா மேசையிலிருந்து நகர்ந்து கீழே விழுந்தது. அவள் ஒரு கண்ணாடித் தம்ளரில் விளிம்பு வரைக்கும் டீயை ஊற்றிப் பெட்டியின் தலைமேல் வைத்தாள். டீ அசையவில்லை. இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தேறிட்டீங்க அண்ணாச்சி."

சந்தனராஜுக்கு அந்த டீயைக் குடித்துவிட வேண்டும்போல இருந்தது. எடுத்துக் குடித்தும்விட்டார்.

சனிக்கிழமை மகளைக் கூட்டி வந்தார். பன்னிரண்டு வயதுப் பெண். எதையும் உற்றுப் பார்க்கிற கண். செருப்பை வாசலில் விட்டு வந்தாள். பெட்டியில் கையை வைக்கச் சொல்லி அப்பா சைகை காட்டினார். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து நின்றாள். அப்பா பாட்டைப் போட்டார். கூரை தடதடத்தது. தெருவில் ஒரு நாய் எழுந்து ஓடியது.

பெனிட்டா காத்திருந்தாள். பிறகு ஒரு கையை எடுத்து அப்பாவிடம் கேட்டாள்.

"என்ன கேக்கா?" என்றாள் ஜெசிந்தா.

சந்தனராஜ் பெட்டியையே பார்த்தபடி சொன்னார்.

"'போட்டாச்சா?'ன்னு கேக்கா."

அவர் பாட்டை நிறுத்தினார். போய் ரம்பத்தை எடுத்தார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"குறுக்குக் கட்டையப் பூராம் அறுத்து எடுக்கப் போறேன். சொவரு அதிரட்டும். பிள்ளைக்குத் தெரியட்டும்."

"அறுத்தா பெட்டி உளறும். தாளம் போகாது, உளறல்தான் போகும்."

"அப்போ நீங்க சொல்லித்தந்ததுதான் தப்பா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதிரக் கூடாது அதிரக் கூடாதுன்னு ரெண்டு பெட்டிய உடைக்க வச்சீங்களே!"

ஜெசிந்தாவுக்கு முகம் சுருங்கியது.

"நானும் காதால கேக்குற ஆளுதான் அண்ணாச்சி" என்றாள். "கேக்கதுக்குத்தான் பெட்டி செஞ்சிருக்கேன். இதுவரைக்கும் எங்கிட்ட வந்த எல்லாருக்கும் காது இருந்துச்சு."

அலமாரியிலிருந்து பஞ்சை எடுத்துக் காதுகளில் அடைத்துக்கொண்டாள். அவருக்கும் கொஞ்சம் கொடுத்தாள். பாட்டைத் திரும்பவும் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெனிட்டாவைப் பார்த்து, போ, நீ போகிற இடத்துக்கு நாங்களும் வருகிறோம் என்று கையால் காட்டினாள்.

பெண் பட்டறை முழுக்க நடந்தாள். பெரியவர்கள் இருவரும் காதில் பஞ்சோடு அவள் பின்னால் நடந்தார்கள். டீக்கடையில் அன்றைக்கு வியாபாரமே நடக்கவில்லை, எல்லோரும் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் தரையில் அதிர்வு ஒன்றும் இல்லை. மேசையில் கொஞ்சம் இருந்தது. கூரையைத் தாங்குகிற இரும்புத் தூணில் ஒரு கூச்சம் மட்டும் ஏறியது.

பெட்டியின் வாய்க்கு எதிரே, இரண்டு கட்டைகளின்மேல், மிச்சமான பிளைவுட் பலகை ஒன்று சும்மா கிடந்தது. பெனிட்டா அதன்மேல் ஏறினாள். ஏறியவள் நின்றாள். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். அங்கே யாரோ இருப்பதுபோலப் பார்த்தாள்.

பிறகு அவள் குதிகால் ஒரு தட்டு தட்டியது. இன்னொரு தட்டு.

சந்தனராஜ் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினார். பாட்டும் குதிகாலும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் அழுதார். அதை மறைக்கவும் இல்லை.

ஜெசிந்தா அந்தப் பலகையின் பக்கத்தில் மண்டியிட்டுக் கையை வைத்துப் பார்த்தாள்.

"பெட்டியத் தொடாதீங்க அண்ணாச்சி. அது சரியாத்தான் இருக்கு. மேடையச் செய்வோம்."

முழங்கால் உயரத்தில் ஒரு மரமேடை. நாலு பக்கமும் காற்று போகாமல் அடைத்தார்கள். பெட்டியை உள்ளே படுக்கவைத்து வாயை மேலே பார்க்கத் திருப்பினார்கள். மேல்பலகையை ஓரங்களில் மட்டும் முடுக்கினாள் ஜெசிந்தா. சந்தனராஜ் ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நடுவுல ஒண்ணு குடுத்துரட்டா மேஸ்திரி?"

"வேண்டாம்."

"இல்லாட்டா அதிருமே?"

"அதிரட்டும்."

கட்டையைக் கீழே வைக்க அவருக்கு மனமே வரவில்லை. அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தார். பலகை தாங்குமா என்று பார்க்க இருவரும் மேலே ஏறி, கையைக் கோத்துக்கொண்டு குதித்துப் பார்த்தார்கள். தாங்கியது.

ஆண்டுவிழா மாலையில் மேடையின் திரைக்குப் பின்னால் டிரம்ஸ்காரர் உட்கார்ந்தார். அவர் காலால் மிதிக்கிற பெரிய டிரம்முக்கு மட்டும் தனியாக ஒரு மைக் வைத்து, அதைப் பெட்டிக்குக் கொடுத்திருந்தார் சந்தனராஜ். வயரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு லூர்து டீச்சரிடம் போனார்.

"டீச்சர், எதுக்கும் நீங்க கீழ நில்லுங்க. கை ஒரு ஓரமா இருக்கட்டும்."

"வேண்டாம்னு பெனிட்டா சொல்லிட்டாளே."

"சின்னப் பிள்ளை. அவளுக்கு என்ன தெரியும்? ஒரு பத்திரத்துக்குத்தான்."

பெனிட்டா மேடையிலிருந்து இதைப் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று வேகமாகக் கையை ஆட்டினாள். அவர் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார்.

ஜெசிந்தா வந்து முன்வரிசைக்குப் பின்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கச்சேரி இல்லையா மேஸ்திரி?"

"இருக்கு."

விளக்கு எரிந்தது. டிரம் தொடங்கியது. கூட்டத்துக்குக் கேட்டது என்னவோ ஏதோ கதவைத் தட்டுகிறமாதிரி மெல்லிய சத்தம்தான். பிள்ளைகள் எட்டுப் பேரும் ஆட ஆரம்பித்தார்கள். சந்தனராஜ் கண்ணை இமைக்காமல் டீச்சரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை ஏறியது, இறங்கியது. அவர் கால் அதோடு சேர்ந்து தரையைத் தட்டியது. அவர் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டது.

பாதி நடனத்தில் சிறப்பு விருந்தினர் எழுந்தார். விருந்தினர் வேறு ஆள், பொன்னாடை மட்டும் அதே மாதிரி. கூடவே நாலு பேர், ஒரு போட்டோக்காரர். நேராக வந்து லூர்து டீச்சருக்கு முன்னால் வரிசைகட்டி நின்றார்கள்.

சந்தனராஜ் துள்ளி எழுந்தார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். நாற்காலிமேல் ஏறப் போனார்.

"மேஸ்திரி, கை தெரியல! டீச்சர் கை தெரியல! போச்சு, எல்லாம் போச்சு!"

ஜெசிந்தா, பெரியவர் என்றும் பார்க்காமல், சட்டையைப் பிடித்து இழுத்து அவரை உட்கார வைத்தாள்.

"மேடையப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"எங்க பாக்க? நான் கையல்லா பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அங்க ஒருத்தரும் ஆட்டத்த விட்டு நிக்கல" என்றாள் ஜெசிந்தா. "அந்தக் கை இல்லாம தாளம் தப்பி நிக்குதது இந்த மண்டபத்துலயே நீங்க ஒரு ஆளுதான்."