அடாப்டர் விழுங்கிய சூடு

முன்பொரு நாள் நான்குவழிச் சாலையில் ஒரு பழைய மின்சாரக் கார் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்சீட்டு முழுக்க மீன் குஞ்சுகள். தண்ணீர் ஊற்றிக் காற்று அடைத்துக் கட்டிய பெரிய பெரிய பிளாஸ்டிக் பைகளில் ஆயிரக்கணக்கில் துள்ளிக்கொண்டிருந்தன. பைகள் உருண்டுவிடாமல் இருக்க ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டையை அண்டக் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் கட்டைதான் அடாப்டர். அதன் ஒரு பக்கத்தில் புதுக்காலத்துச் சார்ஜர் நுழையும், மறுபக்கம் இந்தப் பழைய காரின் வாய்க்குள் நுழையும். காரை விற்றவர், "வெளியூர்ல சார்ஜ் போடணும்னா இது வேணும்மா" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தார். வாங்கிய பஞ்சவர்ணமோ காரின் கதவைத் திறந்து மூடி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு வீட்டிலேயே சார்ஜ் போட்டு உள்ளூரிலேயே ஓட்டியதால் அவர் சொன்னது சுத்தமாக மறந்துபோயிற்று.

"மாமா, உனக்கு என்ன வேலை?" என்று குஞ்சுகள் கேட்டன.

"எனக்கே தெரியல கண்ணுகளா. இப்போதைக்கு முட்டுக் கொடுக்கறேன்" என்றது அடாப்டர்.

பஞ்சவர்ணம் ஓட்ட, பக்கத்தில் அவள் நாத்தனார் ராக்கு உட்கார்ந்திருந்தாள். இருவரும் தங்கள் காய்ந்த நிலத்தில் குட்டை வெட்டியிருந்தார்கள். இரண்டு பொம்பளைகள் மீன் வளர்க்கப் போகிறார்களாம் என்று ஊரே சிரித்தது. மழை பெய்து குட்டை நிறைந்தது. அணைக்கட்டுப் பக்கத்துப் பண்ணைக்குப் போய்க் குஞ்சு வாங்கிக்கொண்டு திரும்பும் வழி இது. குஞ்சுகள் செத்தால் மறுபடி வாங்க வழியில்லை, சிரித்தவர்களுக்கு இன்னும் கொண்டாட்டமாகிவிடும்.

குஞ்சுகளுக்கு வெக்கை ஆகாது என்று வழியெல்லாம் ஏசியை ஓடவிட்டதில் சார்ஜ் கரைந்தது. கடைசியில் ஏசியை அணைத்து, உருட்டிக்கொண்டு வந்துதான் ஓட்டல் ஒன்றின் வாசலிலிருந்த சார்ஜிங் நிலையத்தைப் பிடித்தார்கள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.

நிலையத்துக் கம்பியின் முனையிலிருந்த சார்ஜிங் கன் புத்தம் புதுசு. பஞ்சவர்ணம் அதை எடுத்துக் காரில் வைத்து அழுத்தினாள், திருப்பிப் பார்த்தாள், கவிழ்த்தும் பார்த்தாள். நுழையவே இல்லை.

"இந்த மூஞ்சிக்கெல்லாம் நான் கொடுக்கறதில்ல" என்றது கன்.

"நான் ரோட்டுல ஓட ஆரம்பிச்சப்ப இவன் பொறக்கவே இல்ல. என் வாய்க்கு ஏத்த மாதிரி அவன் மாறட்டும்" என்றது கார்.

குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. பையைத் தூக்கி நிழலில் வைக்கப் போன ராக்குவின் கையில் அடாப்டர் தட்டுப்பட்டது. அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"மதினி, இதுல ஒரு பக்கம் அந்தக் கன்னுக்குப் பொருந்துற மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் நம்ம வண்டிக்குப் பொருந்துற மாதிரி இருக்கு."

பஞ்சவர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மனுசன் சொன்னாருடி. நாந்தான் காதுல வாங்கல."

கன்னில் அடாப்டரை மாட்டி, அடாப்டரைக் காரில் மாட்டினார்கள். அடாப்டருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் வேலை இதுதான் என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டும், நடுவில் நின்று அது சொல்ல வேண்டும்.

கன் சொன்னது: "எவ்வளவு கரண்டு தாங்கும்னு அந்தக் கிழட்டைக் கேளு. தாங்காதுன்னா ஓரமா போய்ப் படுக்கச் சொல்லு."

அடாப்டர் வாங்கியதை அப்படியே காரிடம் கொடுத்தது.

"நேத்து முளைச்ச பயலுக்கு நான் பதில் சொல்லணுமா? அவன் கரண்டும் வேணாம், அவன் சங்காத்தமும் வேணாம்" என்றது கார்.

அதையும் அப்படியே கன்னிடம் கொடுத்தது. பட்டென்று சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாம் நின்றுவிட்டது.

அடாப்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னதில் என்ன தப்பு? உண்மையைச் சொன்னேன், சண்டை வந்தால் நான் என்ன செய்வது என்று அதற்கு ரோஷம்கூட வந்தது.

பஞ்சவர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும் ராக்கு. அந்தா தெரியுது பாரு கண்மாய், அதுலயாச்சும் கொட்டி விட்ருவோம். நம்ம கையில சாகிறதுக்கு எங்கயாச்சும் பிழைச்சுக் கெடக்கட்டும்."

"கொதிக்கிற தண்ணியில நேரா கொட்டுனா அம்புட்டும் செத்துரும் மதினி" என்றாள் ராக்கு. "பண்ணையில என்ன சொல்லி விட்டாக? பையோட மிதக்க விட்டு, உள்ள சூடும் வெளிய சூடும் சமமான பிறகு கொஞ்சம் கொஞ்சமாத்தானே விடச் சொன்னாக? அம்புட்டு நேரம் வெயில்ல நின்னா தாங்காதுங்க. இன்னொரு தடவை மாட்டிப் பாப்போம்."

அடாப்டர் இதைக் கேட்டது. சுருக்கென்று உறைத்தது. இந்தப் பக்கத்துக் கொதிப்பை நேராக அந்தப் பக்கம் கொட்டியது யார்? தான்தான்.

மறுபடி மாட்டினார்கள். கன் மறுபடி கிழடு என்றும் ஓரமாய்ப் போய்ப் படு என்றும் அதே பேச்சை எடுத்தது. அடாப்டர் அதை வாங்கி, சூட்டைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டது.

"பெரியவரே, உங்களால எவ்வளவு தாங்க முடியும்னு கேக்கறாரு."

கார் சற்று இறங்கி வந்தது. "கேக்கறானா? அந்தத் திமிர் பிடிச்ச பயலா? சரி, மெதுவாத் தொடங்கச் சொல்லு. எனக்கு வயசாச்சு."

"மெதுவாத் தொடங்கணுமாம்" என்று கன்னிடம் சொன்னது அடாப்டர். பிறகு தன் சொந்தப் பொறுப்பில் ஒன்றைச் சேர்த்தது. "பின்னாடி சீட்டுல மீன் குஞ்சுங்க இருக்கு. ஏசி இல்லாம துடிக்குதுங்க."

"குஞ்சா?" என்றது கன். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

பச்சை விளக்கு எரிந்தது.

கரண்டு பாய்ந்தது. ஏசி ஓடியது. குளிர் பட்டதும் பைக்குள் கிறங்கிக் கிடந்த குஞ்சுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடத் தொடங்கின. ராக்கு ஆசையாய் அடாப்டரைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். "என்ன மதினி, இது இப்படிச் சுடுது!"

சுடாமல் என்ன செய்யும்? இரண்டு பேர் வாயில் வந்ததையும் அல்லவா விழுங்கிக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் அடாப்டர் அசையவில்லை. இத்தனை சந்தோஷமாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

கழற்றும் நேரத்தில் கன் மெல்லக் கேட்டது. "குஞ்சுங்க என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும். மறுபடி வந்தா சொல்லுவீங்கள்ல?" இதில் நிறுத்திவைக்க ஒன்றுமே இல்லை. அடாப்டர் அப்படியே காரிடம் சேர்த்தது.

பொழுது சாயும் முன்பு கார் குட்டைக்கரையில் போய் நின்றது. சிரித்த ஊர் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. பைகளை மிதக்கவிட்டு, காத்திருந்து, முடிச்சுகளை அவிழ்த்தாள் பஞ்சவர்ணம். குட்டை முழுக்க வெள்ளிப் பொடியைத் தூவியதுபோல் குஞ்சுகள் பரவின. செத்து மிதந்தது ஒன்றுகூட இல்லை. கரையிலிருந்து ஒருவர், "எனக்கும் ஒரு குட்டை இருக்கு ஆத்தா, அடுத்த தடவை போறப்ப நானும் வரட்டுமா?" என்று கேட்டார். பஞ்சவர்ணம் முழங்கால் தண்ணீரில் நின்றபடி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு வருஷமாகக் காத்திருந்தவள் அவள்.

ராக்கு அடாப்டரைக் காரின் முன்பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். காரும் அதுவுமாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அந்தக் கன் பையனாலதான் இதெல்லாம் நடந்துச்சுன்னு அவன்கிட்டச் சொல்லணும்" என்றது கார்.

"சொல்றேன் பெரியவரே."

"அங்க நடுவுல நின்னு நீ எவ்வளவு முழுங்கினேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? இதை மட்டும் முழுங்கிடாதே."