தடம் மூன்றான கதை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. பெட்டிக்கே மூளையாக இருந்து கணக்குப் போடும் செயலிதான் அங்கே பெரியவர். அவர் கேட்கிறதையெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பவள் நினைவகம். மூலையில் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு கிடப்பவன் வன்தட்டு; எதைக் கேட்டாலும் மெதுவாகத்தான் கொடுப்பான், ஆனால் தொலைக்க மாட்டான். இவர்களுக்கு நடுவே சாமான் சுமந்து ஓடியவள் தடம். அப்போது அவள் ஒருத்திதான். எந்த வீட்டுக்குப் போகணும், என்ன சுமக்கிறோம், எப்போது கிளம்பணும், எல்லாம் அவளுக்கே தெரியும்.

ஆனால் ஒரு வழக்கம் உண்டு. செயலி "ம்" சொல்லாமல் ஒரு பொட்டுக்கூட நகரக் கூடாது.

ஒரு நாள் நல்ல மழை. கரண்டு விட்டு விட்டு வந்தது. நினைவகம் அலறினாள்.

"ஏ தடம், ஓடி வாடி! இந்த வீட்டுப் பிள்ளை காலையிலிருந்து வரைஞ்ச கோழி என் மடியில இருக்கு. கரண்டு போனா நான் கழுவி வச்ச சட்டிதான். வன்தட்டுகிட்ட கொண்டுபோய்ப் போடு!"

"இரு அக்கா, பெரியவர் 'ம்' சொல்லணுமே."

"அவர் கணக்கை முடிச்சுத் தலையைத் தூக்குறதுக்குள்ள, கோழி முட்டைக்குள்ளயே திரும்பிப் போயிடும்!"

தடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடி, வன்தட்டிடம் இறக்கி வைத்தாள். அதே நேரம், போட்டு முடித்த கணக்கைச் செயலி நீட்டினார். வாங்க ஆள் இல்லை. கரண்டு போயிற்று. கணக்கும் போயிற்று.

கரண்டு திரும்பியபோது செயலியின் கை வெறுங்கை. தடமோ வன்தட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"நான் சொல்லாமல் அங்கே உனக்கென்ன வேலை?"

"கோழியைக் காப்பாத்தச் சொல்லி நினைவகம் அக்காதான் கூப்பிட்டாங்க. கேளுங்க."

நினைவகம் திருதிருவென்று விழித்தாள். "நானா? எந்தக் கோழி? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே."

அவள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே எல்லாம் துடைத்துப் போயிருந்தது.

"அப்போ வன்தட்டைக் கேளுங்க! கோழி அவன்கிட்ட பத்திரமா இருக்கு."

"கேட்டு வாங்கி வர வேண்டியவள் நீதானே? திருடியே போய்ச் சாட்சியைக் கூட்டி வருவாளா?"

செயலி "ம்" சொல்லவில்லை. கோழியை வைத்துக்கொண்டு வன்தட்டு சும்மா சுற்றினான். யாரும் கேட்காமல் வாய் திறந்து அவனுக்குப் பழக்கமில்லை.

"இடம் தெரியுது, சாமான் தெரியுது, நேரமும் தெரியுது. அதனால்தானே கால் தானாகக் கிளம்புது?" என்று சொல்லி, செயலி அவளை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தார்.

நினைவகம்தான் எட்டிப் பார்த்து, "பாவம், என்ன தப்புப் பண்ணினாளோ?" என்றாள்.

அன்று முதல்தான் கம்ப்யூட்டருக்குள் தடம் மூன்றாகக் கிடக்கிறது. ஒன்றுக்குப் போகிற வீடு தெரியும், சுமை தெரியாது. ஒன்று சுமக்கும், யாருக்கென்று தெரியாது. ஒன்று "ம்" என்பதை மட்டும் கொண்டுபோகும், எதற்கென்று தெரியாது. யார் அலறினாலும் மூன்றில் ஒன்றுகூடத் தானாக நகர்வதில்லை.