குரல் காலூன்றும் இடம்

"பெயரின் மேல் இந்தக் கோட்டைப் போடாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்?" என்று கேட்டாள் இனேஸ்.

ஸ்பெயின் மலைக் கணவாய் ஒன்றில் தனியாக நின்றது அந்தக் கல்வீடு. கணவாயைக் கடப்பவர்கள் காலையில் அங்கே பெயர் கொடுத்துவிட்டுப் போவார்கள். மூடுபனி இறங்கினால், வீட்டுக்காரி காசில்தா ஜன்னலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். குரல் வரும் திசை பார்த்து அவர்கள் நடந்து வந்துவிடுவார்கள்.

அந்த வேலையைக் கற்க இனேஸ் வந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் பெயர் எழுதுவதோடு சரி.

"உயிரெழுத்தின் தலையில் ஈ எச்சம் மாதிரி ஒரு கோடு. என் பெயரிலும் உண்டு. நான் போட்டதே இல்லை. நன்றாகத்தானே இருக்கிறேன்?"

"இருக்கிறாய்," என்றாள் காசில்தா.

"அது ஒலியை நீட்டுமா?"

"நீட்டாது."

"மாற்றுமா?"

"மாற்றாது. குரல் எங்கே காலூன்ற வேண்டும் என்று காட்டும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நடுப்பகலில் பனி இறங்கியது. முற்றத்துக் கிணறு மறைந்தது.

அன்று மலையில் இருந்தது ஒரே ஆள். இனேஸின் தம்பி சிமோன்.

"நகருங்கள், நான் கூப்பிடுகிறேன்," என்று இனேஸ் ஜன்னலுக்கு ஓடினாள். பயத்தில் அவன் பெயரின் எல்லா எழுத்தையும் ஒரே கனத்தில் கத்தினாள்.

வாயை மூடுவதற்குள் கதவு தட்டப்பட்டது.

"வந்துவிட்டேன்."

தம்பியின் குரல்தான். இனேஸ் தாழ்ப்பாளைப் பிடித்தாள்.

"இந்நேரம் அவன் எங்கே இருப்பான்?" என்று கேட்டாள் காசில்தா.

"ஏரிச் சரிவில். இங்கிருந்து ஒரு மணி நேர..."

இனேஸின் கை நின்றது.

"உன் பெயரைச் சொல்லச் சொல்."

"நான் யார்? சொல்லுடா."

"இனேஸ்," என்றது கதவுக்கு வெளியே இருந்த குரல்.

'இ'யும் 'னே'யும் ஒரே கனம். முன்பின் தெரியாத யாரோ பெயர்ப் பலகையைப் படிப்பது போல.

அவள் தாழ்ப்பாளை விட்டாள்.

காசில்தா கேட்டாள்: "உங்கள் அம்மா அவனைச் சாப்பிட எப்படிக் கூப்பிடுவாள்?"

இனேஸ் பெயர்ப் புத்தகத்தைத் திறந்தாள். காலையில் அவளே எழுதிய பெயர். 'மோ'வின் மேல் கோடு இல்லை.

பேனாவை எடுத்துக் கோட்டைப் போட்டாள். பிறகு ஜன்னலுக்குப் போனாள்.

'சி' லேசாகப் போயிற்று. 'மோ'வில் குரல் இறங்கி ஊன்றியது.

ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும்.

எத்தனையாவது முறையோ தெரியாது, வெகு தொலைவில் அவள் பெயர் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே வந்த குரல், 'னே'யில் அழுந்தி நின்றது.

தொண்டை கிழியும் வரை அவள் நிறுத்தவில்லை.

கதவு மறுபடியும் தட்டப்பட்டது. "இனேஸ்! திற, செத்துப் போயிடுவேன் போல இருக்கு."

அவள் திறந்தாள். சிமோன் நின்றான். ஒரு காலில் செருப்பு இல்லை.

வாசல் கல்லில் அவன் கால்தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஈரத் தடம் இருந்தது. பனிக்குள் திரும்பிப் போன தடம்.

"முதலில் வந்தது யார்?" என்றாள் இனேஸ். "அதன் பெயர் என்ன?"

காசில்தா புத்தகத்தை மூடினாள்.

"தெரியாது. அதை யாரும் ஊன்றிக் கூப்பிட்டதில்லை."