டான் இலாரியோ வளர்த்த பன்றி

செபுத் தீவில் டான் இலாரியோ என்றொரு நிலக்கிழார் இருந்தார். அவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த தாசியோ, விருந்துகளுக்குப் பன்றியை முழுசாக மூங்கிலில் கோத்துச் சுடுபவன். மனைவி மெலிங் இறந்த ஆண்டு நிறைவுக்கு ஊரை அழைத்துச் சோறிட, அவள் வளர்த்த பன்றியை வைத்திருந்தான். தன் பிறந்தநாளுக்கென்று இலாரியோ அதைப் பிடித்துக்கொண்டு போனார்.

"நீயே சுடு. தோல் எங்காவது வெடித்திருந்தால் குடிசையைக் காலி செய்."

தாசியோ விடியலிலிருந்து தணலருகே உட்கார்ந்து மூங்கிலைச் சுழற்றினான். பன்றி மேசைக்கு வந்தது.

"என் பட்டியில் நானே பார்த்துப் பார்த்து வளர்த்தது," என்று விருந்தாளிகளிடம் பெருமையடித்த இலாரியோ, தொடையில் தோல் வெடித்திருப்பதைக் கண்டார். "தடியா! இன்றே கிளம்பு!"

"பழைய காயத்தோல் சூடு தாங்காது, ஐயா. நாய் கடித்ததை முன்பே சொல்லியிருக்கலாமே."

"என் நாய் கடித்தது எனக்குத் தெரியாதா? அதையெல்லாம் உன்னிடம் சொல்லணுமா?"

"நாய் கடிக்கவில்லை, ஐயா. என் வேலிக்கம்பி கிழித்தது. மெலிங்தான் தைத்தாள். பாருங்கள்."

விருந்துக்கு வந்திருந்த பாதிரியார் குனிந்து பார்த்தார். வெடிப்பின் இருபுறமும் ஊசித் தழும்புகள் வரிசையாக இருந்தன. அவர் தன் தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

இலாரியோவின் முகம் கறுத்தது. "எடுத்துக்கொண்டு போ. குடிசையிலேயே கிட."

தாசியோ மூங்கிலின் ஒரு முனையைத் தோளில் ஏற்றினான். அது இரண்டு பேர் சுமை. மேசையிலிருந்து யாரும் அசையவில்லை. கடைசியில் பாதிரியார் அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.