சிட்டுக்குதிரையும் சிவப்பு நாடாவும்

ஒரு மலை ஊர்ல, ஒரு ஏரிக்கரையில, ஒரு குதிரை இருந்துச்சாம். பேருதான் சிட்டு, வயிறு பானை மாதிரி. ம் சொல்றியா? சொல்லு, அப்போதான் கதை நடக்கும்.

சிட்டு, பிலோமிங்கிற பொண்ணுக்கு அவ அப்பா கல்யாணச் சீரா குடுத்த குதிரை. அவ புருஷன் சகாயம், ஊர் பாக்க வர்ற புள்ளைங்களை அதுல ஏத்திக்கிட்டு ஏரியைச் சுத்தி வருவான். டக்கு டக்கு, டக்கு டக்கு. ஆனா சிட்டுவுக்குத் தின்னது செரிக்காது. புல்லு தின்னாலும் புர்ர்ர், தவிடு தின்னாலும் புர்ர்ர். சிரிக்காத, உனக்கும்தான் வருது.

அப்புறம் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு பொடி குடுத்தாங்க. ஊறவெச்ச கொள்ளுல ஒரு கரண்டி கலந்து காலையில வையுங்க, ஒரு வேளைக்கு மேல வேண்டாம்னாங்க. பொடி நல்லா கேட்டுச்சு. வயிறு அடங்கி, சிட்டு மினுமினுன்னு ஆயிடுச்சு.

ஒரு நாள் காலையில பிலோமி கொள்ளும் பொடியும் வெச்சுட்டுத் தண்ணிக்குப் போனா. நறுக் நறுக். அப்போ மாமியா வந்து பாத்தா, தொட்டி காலி. மருமக மறந்துட்டா போலன்னு அவளும் வெச்சா. நறுக் நறுக். அப்புறம் சகாயம் வந்தான், தொட்டி காலி. இந்த வீட்டுல யாருக்கும் ஞாபகமே இல்லைன்னு அவனும் வெச்சான். சிட்டு வாயைத் திறந்து போதும்னு சொல்லுமா? நறுக் நறுக் நறுக்.

மத்தியானம் வயிறு உப்பி, காலால தரையைப் பறண்டி, தொப்புன்னு படுத்துருச்சு. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது கண்ணு. உள்ள போனது கீழதான் வரணும். அப்பா குடுத்த உசிரு போயிருமோன்னு பிலோமி அது கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா.

டாக்டரம்மா வந்து, மூக்கு வழியா குழாய் விட்டு மருந்து ஊத்துனாங்க. வயித்துல காது வெச்சுப் பாத்தா, சத்தமே இல்ல. காலையில தீனி வெச்சது யாருன்னு கேட்டாங்க.

"நான்தான்"னு மூணு பேரும் ஒண்ணா சொன்னாங்க.

சொல்லிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. திட்டறதுக்கு யாருமே மிச்சமில்ல. சரி, எழுப்பி மெதுவா நடத்துங்கன்னாங்க டாக்டரம்மா. பிலோமி நடத்துனா, ஒண்ணும் வரல. மாமியா நடத்துனா, ஒண்ணும் வரல. சகாயம் நடத்துனான், ஒண்ணும் வரல. அப்புறம் மூணு பேரும் சேர்ந்தே நடந்தாங்க. ம் சொல்லு. குடு... குடுகுடு... புர்ர்ர்ர்... தொப். தொப் தொப் தொப்.

லத்தி! மாமியா அதைப் பாத்து சிலுவை போட்டுக்கிட்டா. பிலோமி சிரிச்சுக்கிட்டே அழுதா. அப்பாடா, போன உசிரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு அவளுக்கு.

மறுநாள்லேர்ந்து தீனி வெச்சவங்க சிட்டு பிடரியில ஒரு சிவப்பு நாடா கட்டணும். நாடா இருந்தா, வேற யாரும் கொள்ளுல கை வைக்கக் கூடாது. சிட்டு பாவமா பாக்கும். பாத்தா பாக்கட்டும்.

சரி, இன்னைக்கு அம்மாகிட்ட ஒரு மைசூர்பாகு, அத்தைகிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணுன்னு வாங்கித் தின்ன ஆளு யாரு? நாளைக்கு உன் சடையிலயும் ஒரு சிவப்பு நாடாதான். கதை ஏரியைச் சுத்தி வீடு வந்து சேந்துருச்சு, நீ கண்ணை மூடு.