மூன்று மூடித் தண்ணீர்

மாசானமுத்து பட்டாளத்தை விட்டு மடத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. சமைப்பான், கூட்டுவான், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவான். கண்ணை மூடி உட்காரச் சொன்னால் மட்டும் எங்கிருந்தாவது ஒரு வேலை முளைத்துவிடும். குருவும் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? ஆனி மாதத்தில் ஒரு காலை, அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தவனிடம் கேட்டே விட்டார்.

"உன்னை என்னப்பா உறுத்துது?"

அவன் கத்தரிக்காயைக் கீழே வைத்தான்.

"நல்லதுக்குச் சொன்ன பொய் பாவமா, சாமி?"

"யாருக்கு நல்லது?"

மெல்ல மெல்லத்தான் சொன்னான். போர்முனையில் அவனோடு இருந்தவன் பூவலிங்கம். பனிமலையில் குண்டு பட்டு விழுந்தான். உயிர் உடனே போகவில்லை. துடியாய்த் துடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் போனது. உடலை அவன் ஊரான உவரிக்காட்டுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்த மாசானமுத்து, பூவலிங்கத்தின் மனைவி செங்கமலத்திடம், "நொடியில போயிட்டான்மா, வலியே தெரியலை" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"அவனுக்குத் திதி எப்போ?"

"இன்னைக்குத்தான் சாமி. ஒன்பது வருஷம் ஆச்சு."

"உவரிக்காட்டுக்கு எந்த பஸ் போகும்?"

பீரங்கிக்கு அஞ்சாத மனுஷன், ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்க அஞ்சி, பஸ் ஜன்னலோரம் ஒடுங்கிக் கிடந்தான். குரு நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

ஊர் எல்லையில் ஓலைப்பந்தல் போட்டு, பூவலிங்கத்தின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. உச்சிவெயிலில் வருவோர் போவோருக்கெல்லாம் செங்கமலம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. தாடி வளர்த்த மாசானமுத்துவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

குரு செம்பை வாங்கிக் குடித்தார்.

"நீயும் ஒரு வாய் குடியேம்மா."

"இன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் குடிக்க மாட்டேன் சாமி."

"விரதமா?"

"உயிர் போறப்ப யாராச்சும் வாயில பாலோ தண்ணியோ விடணும்லா? எங்க வீட்டுல எல்லாருக்கும் விட்டிருக்கோம். அவுக நொடியில போயிட்டாகளாம். ஒரு சொட்டு விட ஆளில்லாம, தவிச்ச வாயோட போனாக. நான் மட்டும் எப்படி சாமி குடிக்க?"

குரு செம்பை மறுபடி நிரப்பி மாசானமுத்துவின் கையில் கொடுத்தார். அவன் அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"நான் விட்டேன்மா" என்றான் அவன்.

செங்கமலம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணாச்சி... நீங்களா?"

"அவன் நொடியில போகலை. ஒரு மணி நேரம் என் மடியில கெடந்தான். வலி இருந்துச்சு. தண்ணி கேட்டான். பாட்டில்ல இருந்த தண்ணி உறைஞ்சு கட்டியாயிட்டு. சட்டைக்குள்ள வச்சு உருக்கி, மூடியில ஊத்திக் குடுத்தேன். மூணு மூடி."

"குடிச்சாகளா?"

"குடிச்சான். குடிச்சிட்டு, 'என்னடே, உப்பே இல்ல'ன்னான்."

செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டாள். அழத்தான் செய்தாள், ஆனால் கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. உவரிக்காட்டுக் கிணறு அத்தனையும் உப்பு. வெளியூர்த் தண்ணீரில் ருசியே இல்லை என்று ஒவ்வொரு லீவுக்கும் வந்து புலம்புகிறவன் பூவலிங்கம்.

"அவுகதான். அது அவுகளேதான்!"

சட்டென்று அவள் முகம் மாறியது.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"உங்களுக்குத் தாங்காதுன்னு நெனச்சேன்மா."

"எனக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு என்கிட்ட கேட்டீகளா அண்ணாச்சி? ஒன்பது வருஷம்!"

அவள் அவன் கையிலிருந்த செம்பைப் பிடுங்கினாள். அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தாள். வெறும் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள்.

அப்போதுதான் மாசானமுத்துவுக்கு அழுகை வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில், மனசு கேட்காமல் குருவை எழுப்பினான்.

"சாமி, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. அந்தப் பொய் பாவமா, இல்லையா?"

"அந்தப் பொண்ணு செம்புல மிச்சம் வச்சாளா?"

"இல்ல சாமி. ஒரு சொட்டு இல்ல."

"அப்ப நீ மட்டும் எதுக்குப்பா மனசுல மிச்சம் வைக்கிற?"