துடியன் அளவுக்கல்லைப் பிடுங்கிய மதியம்

நாம் உறங்கும்போது இதயமும் உறங்குகிறது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் மேலே ஒரு சொல் எழுத இயலாது. இதயம் இமைப்பொழுதும் உறங்குவதில்லை. வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவே. அதுவும் களைப்பால் அன்று, கோபத்தால்.

உறுப்புகளுக்கெல்லாம் தனித்தனி வாய் இருந்த அந்தக் காலத்தில், ஆதன் என்ற முதல் மனிதனின் நெஞ்சுக்குள் துடியன் என்னும் இதயம் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தான். அவன் இறைத்த இரத்தம் வாய்க்கால்களில் ஓடி, தலை முதல் கால் வரை பாயும். வாய்க்கால்களுக்குக் காவல் நாளாயி. உறவில் அவனுக்கு மதினி. அவள் கரைகளை இறுக்கினால் அழுத்தம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். வாய்க்கால் தலைப்பில் ஓர் அளவுக்கல் நட்டிருந்தது. இரத்தம் கல்லுக்குக் கீழே போனால் துடியன் வேகமாக இறைக்க வேண்டும். மேலே ஏறினால் மெதுவாக. இதுதான் ஏற்பாடு.

பகலெல்லாம் ஏற்பாடு ஒழுங்காக நடந்தது. ஆதன் படுத்ததும்தான் வம்பு. நாளாயி கரைகளைத் தளர்த்திவிட்டுக் குறட்டை விடுவாள். அழுத்தம் சரியும். துடியன் மூச்சிரைக்க இறைப்பான். எல்லாரும் உறங்க, அவனுக்கு மட்டும் இரட்டை வேலை. தோள்கள் வீங்கிவிட்டன. இன்னும் பத்து நாள் தாங்கினால் அதிகம்; அவன் விழுந்தால் ஆதனும் விழுவான்.

ஒரு மதியம் களியை வயிறு முட்டத் தின்றுவிட்டு ஆதன் சாய்ந்தான். அழுத்தம் சரிந்தது. துடியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மதினி! எந்திரிங்க! கரையை இறுக்குங்க!"

"ஏன் கொழுந்தனாரே கத்துறீங்க? படுத்துக் கிடக்கிறவனுக்கு எதுக்கு அவ்வளவு ரத்தம்?"

"கல்லுக்குக் கீழே போயிடுச்சு! நான் சாகணுமா?"

"கல்லைப் பாத்துக் குதிக்கிறது நீங்க. அதுக்கு என்னை எழுப்புவானேன்?" நாளாயி புரண்டு படுத்தாள்.

துடியன் பாய்ந்து கல்லைப் பிடுங்கினான். நான்கு விரற்கடை கீழே அறைந்து நட்டான்; இப்போது இரத்தம் கல்லுக்கு மேலே.

"நீங்க குறைச்சா நானும் குறைப்பேன்! எல்லாம் காயட்டும்! எல்லாரும் அலறிக்கிட்டு எந்திரிக்கட்டும்!"

கறுவிக்கொண்டே மெல்ல இறைத்தான். யாரும் அலறவில்லை. எதற்கும் முதலில் சண்டைக்கு வரும் மூளைகூட வாய் திறக்கவில்லை. ஆதன் என்றுமில்லாதபடி ஆழ்ந்து உறங்கினான். அதுதான் துடியனுக்குப் பொறுக்கவில்லை.

"அப்போ இத்தனை நாளும் வெட்டியாவா இறைச்சேன்?"

நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது. திடீரென்று தாறுமாறாக இறைத்தான். நாளாயி திடுக்கிட்டுக் கரைகளை இறுக்கினாள். அழுத்தம் எகிறியது. மூடிய கண்ணுக்குள் ஆதனை ஒரு கொம்பன் யானை துரத்தியது. பிறகு துடியன் தணிந்தான். சற்று நேரம் கழித்து மறுபடியும் நினைத்துக்கொண்டான், மறுபடியும் தாறுமாறாக இறைத்தான்.

அன்று முதல்தான், ஆழ்ந்த உறக்கத்தில் அழுத்தமும் துடிப்பும் ஒன்றாக இறங்குகின்றன. கனவு காணும்போது இரண்டும் எகிறிக் குதிக்கின்றன. விழிக்கும் வேளையில் கரைகளை மறுபடி இறுக்குவது நாளாயியின் பொறுப்பு.

அந்த மதியம் அவள் இறுக்கி முடிப்பதற்குள் ஆதன் விருட்டென்று எழுந்து நின்றான். தலை சுற்றி, பக்கத்தில் இருந்த மோர்ப்பானையின் மேல் உட்கார்ந்தான்.